ஜப்பான் மெஷினில் பத்து ராகம்: 1982-ல் விற்காமல் போன ஆல்பத்தை இன்று உலகம் தேடிக் கேட்பது ஏன்?

ஷிஃப்ட் முடிஞ்சு முதலிபாளையம் சிட்கோ பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்க இயர்போன்ல என்ன ஓடும்? சிலருக்கு அனிருத், சிலருக்கு ராஜா சார். இன்னும் சிலருக்கு ட்ரான்ஸ். பாடல் வரிகளே இல்லாம, 'தும் தும் தும்'னு ஒரே சீரா அடிச்சுக்கிட்டே போகும் பீட். அதுக்கு மேல புழு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு ஓடும் ஒரு சத்தம். ரீல்ஸ்லயும் ஜிம்லயும் நைட் டிரைவ் பிளேலிஸ்ட்லயும் இப்போ இது சாதாரணம்.

இந்த மாதிரி இசைன்னா ஐரோப்பா, இஸ்ரேல், ஜப்பான் பக்கத்து சமாசாரம்னுதான் பலரும் நினைக்கிறோம். ஆனா, அந்த நெளியும் சத்தத்தை இந்திய ராகங்களோடு சேர்த்து ஒரு முழு ஆல்பமே 1982-ல் மும்பையில் பதிவாகியிருக்கு. செஞ்சவர் டிஜே இல்லை, ஹிப்பி இல்லை. இந்தி சினிமா பாட்டுகளுக்கு கூலிக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒரு கலைஞர். பெயர் சரண்ஜித் சிங்.

ட்ரான்ஸ் கேட்கிறவங்க, கேட்காதவங்க ரெண்டு பேருமே தெரிஞ்சுக்க வேண்டிய ஆல்பம் இது. இசைக்காக மட்டும் இல்லை. வேலை ஒருத்தருடையது, பெயர் இன்னொருத்தருடையது என்ற விஷயம் திருப்பூர்க்காரங்களுக்குப் புதுசா சொல்லித் தெரிய வேண்டியதில்லையே!

ஆல்பம்: ஒரு பார்வை

பெயர்: 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. அதாவது, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்.

கலைஞர்: சரண்ஜித் சிங்.

பதிவான ஆண்டு: 1982, மும்பை.

வெளியிட்டது: கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா. நம்ம வீட்டுப் பெரியவங்க பாஷையில் எச்.எம்.வி, அந்த நாய் படம் போட்ட கம்பெனி.

கருவிகள்: ரோலண்ட் ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808. மூன்றுமே ஜப்பான் தயாரிப்பு.

ட்ராக்குகள்: 10. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 நிமிடம். ஒரு ட்ராக்குக்கு ஒரு ராகம்.

மறுவெளியீடு: 2010, நெதர்லாந்தின் 'பாம்பே கனெக்‌ஷன்' நிறுவனம்.

யார் இந்த சரண்ஜித் சிங்?

1940-ல் பிறந்தவர். 1960-களில் இருந்து மும்பை திரையிசையில் பேஸ் கிடார், ஸ்டீல் கிடார், கீபோர்டு வாசித்தவர். சங்கர் ஜெய்கிஷன், எஸ்.டி.பர்மன், ஆர்.டி.பர்மன், லக்‌ஷ்மிகாந்த் பியாரேலால் என அந்தக் கால இந்தி இசையமைப்பாளர்கள் பலரின் ரெக்கார்டிங்கில் இருந்தவர்.

ஒரு உதாரணம் சொன்னா உடனே பிடிபடும். 1971-ல் வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தின் 'தம் மாரோ தம்' பாட்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இசை ஆர்.டி.பர்மன், பாடியவர் ஆஷா போஸ்லே. இந்த ரெண்டு பெயரும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாட்டில் 'டிரான்ஸிகார்டு' என்ற கருவியின் ஓசை வரும். அக்கார்டியன் மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கும் மின்னணு கீபோர்டு அது. வாசித்தவர் சரண்ஜித் சிங். அந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஸ்டூடியோவில் வேலை இல்லாத நாள்களில் அவருக்குச் சொந்த ஆர்க்கெஸ்ட்ரா உண்டு. கல்யாணம், பார்ட்டி என வாசிப்பார். சினிமா ட்யூன்களைப் பாட்டு இல்லாமல் கருவியில் வாசித்த இசைத்தட்டுகளும் முன்பே வந்திருந்தன. ஆனா அவையெல்லாம் அடுத்தவர் போட்ட மெட்டுகள். தன் சொந்த யோசனையில், ஆரம்பம் முதல் முடிவு வரை தானே செய்து பார்த்த ஆல்பம்தான் 'டென் ராகாஸ்'. அப்போது அவருக்கு வயது 42.

எங்கும் டிஸ்கோ!

அந்த வருஷத்தைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. 1980-ல் 'குர்பானி' படமும், அதில் நாஸியா ஹசன் பாடிய பாட்டும் இந்தியாவையே ஆட வைத்திருந்தன. 1981-ல் அவருடைய 'டிஸ்கோ தீவானே' ஆல்பம். ரெண்டுக்கும் பின்னால் இருந்தவர் பெங்களூரில் பிறந்த பிட்டு. 1982 டிசம்பரில் பப்பி லஹிரி இசையில் மிதுன் சக்கரவர்த்தியின் 'டிஸ்கோ டான்ஸர்'. நம்ம பக்கம் அதே 1982-ல் 'சகலகலா வல்லவன்'. புத்தாண்டு பிறந்தா இன்றைக்கும் ஊரெல்லாம் ஒலிக்கும் பாட்டு அந்தப் படத்தில் வந்ததுதான். 'டிஸ்கோ டான்ஸர்' பின்னர் ஆனந்த்பாபு நடிக்க 'பாடும் வானம்பாடி'யாகத் தமிழுக்கும் வந்தது.

சினிமா முழுக்க டிஸ்கோ ஓடிக்கொண்டிருந்ததால், அதே பீட்டை வைத்து வேறு ஏதாவது செய்யலாமே என்று யோசித்ததாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார் சரண்ஜித் சிங். யோசனை ரொம்ப எளிமையானது. ராகம் அப்படியே இருக்கட்டும், தபலாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிஸ்கோ பீட்டை வைப்போம்.

அவ்வளவுதான். இசையைப் புரட்டிப் போடப் போகிறோம் என்ற அறிவிப்பெல்லாம் இல்லை. தொழில் தெரிந்த ஒருத்தர், கையில் புதுசா வந்த மெஷினை வைத்து, "இதைச் சேர்த்தா எப்படி இருக்கும்?" என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்த வேலை அது.

மூன்று மெஷின்கள்

இனி கொஞ்சம் டெக்னிக்கல். பயப்பட வேண்டாம், பனியன் கம்பெனி பாஷையிலேயே பார்த்துடலாம்.

முதலாவது, டிஆர்-808. இது டிரம் மெஷின். 1980-ல் வந்தது. நிஜ டிரம்ஸ் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருக்கும் பெட்டி இல்லை. மின்சுற்றிலேயே சத்தத்தை உருவாக்கும். அதன் தனிச்சத்தம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷி, தரச் சோதனையில் தேறாத டிரான்சிஸ்டர்களை வேண்டுமென்றே வாங்கிப் போட்டார். அந்தக் குறையுள்ள பாகங்கள்தான் 808-க்கு அந்தச் 'ஸ்ஸ்' ஓசையைக் கொடுத்தன. டிரான்சிஸ்டர் தயாரிப்பு முன்னேறி, அந்த மாதிரி ரிஜெக்ட் பாகம் கிடைக்காமல் போனதும் 1983-ல் உற்பத்தியும் நின்றது. சுமார் 12,000 மெஷின்கள்தான் வந்தன. செக்கிங்கில் கழித்த பீஸ் காதர்பேட்டைக்குப் போய் ஹிட்டான கதை மாதிரி இல்லை?

இரண்டாவது, டிபி-303. இதுதான் நம்ம ஹீரோ. தடாவோ கிகுமோதோ வடிவமைத்தது. தனியாகக் கிடார் வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆள் இல்லையென்றால், அந்த இடத்தை நிரப்ப வந்த சின்னச் சில்வர் பெட்டி. ஆனா சத்தம் நிஜ பேஸ் கிடார் மாதிரி இல்லவே இல்லை. ப்ரோகிராம் செய்வதும் பெரிய தலைவலி. சந்தையில் தோற்றது. 1984-ல் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் சுமார் 10,000 பெட்டிகள். மிச்சமெல்லாம் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு அடிமாட்டு விலைக்குப் போனது.

மூன்றாவது, 1981-ல் வந்த ஜூபிட்டர்-8 சிந்தசைசர். அன்றைக்கு இது ரொம்பக் காஸ்ட்லியான, பெரிய கீபோர்டு. ஆல்பத்தில் ராகத்தின் மெட்டு முழுக்க இதில் இருந்துதான் வருகிறது.

டிபி-303-ல் ஒரு சின்ன வசதி உண்டு: 'ஸ்லைடு'. ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்த ஸ்வரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். இந்துஸ்தானியில் 'மீண்டு' என்பார்கள். நம்ம கர்நாடக இசையில் கமகத்தில் வரும் 'ஜாரு' கிட்டத்தட்ட இதுதான். ஹார்மோனியத்தில் வராத இந்த வழுக்கல், கிடாரிஸ்டுகளுக்காக ஜப்பானில் செய்த ஒரு மலிவுப் பெட்டியில் வந்தது. அதோடு 303-ஐயும் 808-ஐயும் கேபிள் போட்டு இணைத்தால் ரெண்டும் ஒரே வேகத்தில், பிசகாமல் ஓடும். மேலே ஜூபிட்டரில் ராகத்தைக் கையால் வாசிக்கலாம். ஒரே ஆள், முழு ஆர்க்கெஸ்ட்ரா!

ராகத்துக்கும் லூப்புக்கும் என்ன சம்பந்தம்?

"ராகத்தை எடுத்து டிஸ்கோவில் போட்டா ஃப்யூஷன். இதுல என்ன பெருசு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல ஃப்யூஷன் பாட்டுகளில் ராகம் ஒரு பக்கமும் பீட் ஒரு பக்கமும் தனித்தனியாக நிற்கும். இங்கே அப்படி ஆகவில்லை. காரணம் ரெண்டு.

ஒண்ணு, மேற்கத்திய பாப் பாட்டு 'கார்டு' மாற்றத்தில் ஓடுவது. நாலு நாலு அளவுக்கு ஒருமுறை கீழே உள்ள அடித்தளம் மாறிக்கொண்டே இருக்கும். நம்ம ராக இசையில் அப்படி இல்லை. தம்புரா ஒரே சுருதியில் மீட்டிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஸ்வரங்கள் மெதுவாக விரியும். ட்ரான்ஸும் இதே மாதிரிதான். அடியில் ஒரே ஸ்வரத்தில் பேஸ் ஓடிக்கொண்டே இருக்க, மேலே கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறும். ஆக, தம்புரா இருந்த இடத்தில் 303 வந்து உட்கார்ந்தபோது எதுவும் இடிக்கவில்லை.

ரெண்டாவது, திரும்பத் திரும்ப வருவது. 303-ல் 16 படிகள் கொண்ட ஒரு சுற்றை ப்ரோகிராம் செய்து ஓடவிடலாம். அந்தச் சுற்றுக்குப் பெயர் லூப். உங்க உடம்பில் இருக்கும் பனியனைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க. அதுவும் லூப்தான். நூல் ஒரு கண்ணி போட்டு, அதுக்குள்ளேயே அடுத்த கண்ணி போட்டு, வட்ட நிட்டிங் மெஷின் சுத்திச் சுத்தி ஓடி ஓடித்தான் துணி வருது. ஒரு கண்ணியைத் தனியாகப் பார்த்தால் ஒண்ணுமே இல்லை. ஆயிரக்கணக்கில் சேரும்போது இழுவையும் மென்மையும் கிடைக்குது. லூப் இசையும் அப்படித்தான். முதல் 20 விநாடியில் "என்னடா இது, ஒரே சத்தம்" என்று தோணும். மூன்றாவது நிமிடத்தில் காது தானாகச் சின்னச் சின்ன மாற்றங்களைத் தேட ஆரம்பிக்கும். ராக ஆலாபனையைக் கேட்கிறவர்களுக்கும் இந்த அனுபவம் தெரியும்.

பத்து ராகம்: நம்ம ஊர்ப் பெயரில்

ஆல்பத்தில் இருப்பவை எல்லாம் இந்துஸ்தானி ராகங்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். பெரும்பாலானவற்றுக்கு அதே ஸ்வரங்களில், அல்லது ரொம்ப நெருக்கமாக, கர்நாடக இசையில் ஒரு ராகம் இருக்கு. இந்துஸ்தானி மரபில் ராகத்துக்கு நேரமும் உண்டு. ரெண்டையும் சேர்த்து ஒரு கைடு:

பைரவ்: விடியற்காலை. நம்ம மாயாமாளவகௌளை. பாட்டு கிளாஸில் சேர்ந்த முதல் நாள் சரளி வரிசை பாடுவோமே, அதே ராகம். கர்நாடக பைரவியோடு குழப்பிக்க வேண்டாம். ஆல்பம் தொடங்குவதே இதில்தான். நடுவில் இயந்திரக் குரலில் 'ஓம் நமசிவாய' வரும்போது கொஞ்சம் திடுக்கிடும்.

லலித்: விடிவதற்கு முந்தைய இருட்டு. ரெண்டு மத்யமமும் அடுத்தடுத்து வரும் வித்தியாசமான ராகம். நம்ம பக்கம் அப்படியே பொருந்தும் ஜோடி இல்லை. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களுக்கானது.

பூபாலி: முன்னிரவு. நம்ம மோகனம். 'அக்னி நட்சத்திரம்' படத்தில் இளையராஜா 'நின்னுக்கோரி' பாட்டைப் போட்டது இந்த ராகத்தில்தான். புதுசா கேட்கிறவங்க இங்கே இருந்து தொடங்கலாம்.

தோடி: முற்பகல். பெயர் ஏமாற்றும். இது கர்நாடக தோடி இல்லை, நம்ம சுபபந்துவராளிக்கு நெருக்கம். கனமான, சோகம் கலந்த ராகம்.

மதுவந்தி: பிற்பகல். தர்மவதிக்குப் பக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் சுழற்றும் நேரத்துக்குச் சரி.

மேக் மல்ஹார்: மழைக்கால ராகம். மத்யமாவதியின் சாயல். கச்சேரியை மங்களமாக முடிக்கப் பாடும் ராகம் ஆச்சே, அதை டிஸ்கோ பீட்டில் கேட்பது தனி அனுபவம்.

யமன்: மாலை மயங்கும் நேரம். நம்ம கல்யாணி.

கலாவதி: இரவு. நம்ம வலஜி.

மால்கௌன்ஸ்: நள்ளிரவு. நம்ம ஹிந்தோளம். ஐந்தே ஸ்வரம். 303-ன் நெளிவுக்கு இதைவிடப் பொருத்தமான ராகம் இல்லை என்றே தோன்றும். ட்ரான்ஸ் ரசிகர்கள் முதலில் கேட்க வேண்டியது இது.

பைராகி: காலை. நம்ம ரேவதி. துறவு மனநிலையைக் கொண்டுவரும் ராகம் என்பார்கள். ஆல்பம் இதோடு முடிகிறது.

விற்கலை!

இவ்வளவு சொன்ன பிறகு, 'செம ஹிட்' என்றுதான் எதிர்பார்ப்பீங்க. இல்லை. ஆல்பம் ஓடவே இல்லை. ராகம் கேட்கிறவர்களுக்கு இது டிஸ்கோ. டிஸ்கோ கேட்கிறவர்களுக்கு இதில் பாட்டும் இல்லை, பாடகியும் இல்லை, படமும் இல்லை. கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்றே தெரியாத தட்டு. சரண்ஜித் சிங் பழையபடி ரெக்கார்டிங்கும் ஆர்க்கெஸ்ட்ராவுமாகத் தன் வேலைக்குத் திரும்பினார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987-ல் அமெரிக்காவின் சிகாகோவில் ஒரு இசைத்தட்டு வருகிறது. 'ஃப்யூச்சர்' என்ற குழுவின் 'ஆசிட் ட்ராக்ஸ்'. செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிபி-303-ன் திருகுகளைக் கண்டபடி திருகிப் பார்த்ததில் கிடைத்த நெளியும் சத்தம்தான் அந்த ட்ராக் முழுக்க. அதில் இருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற புது இசை வகையே பிறந்தது. பிரிட்டன் இளைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் வாங்காத 303, தேடினாலும் கிடைக்காத பொருளானது.

கோவா வழியாக ஜப்பானுக்கு

அந்தச் சத்தம் இந்தியாவுக்குத் திரும்பி வந்தது கோவா கடற்கரை வழியாக. 1970-களில் இருந்தே அஞ்சுனா பக்கம் ஹிப்பிகள் கூடி ராக் பாட்டுகளுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். 1980-களில் டிஜேக்கள் ஐரோப்பாவில் இருந்து எலெக்ட்ரானிக் இசையை டேப்பில் கொண்டுவந்து, பாடும் பகுதியை வெட்டிவிட்டு, வெறும் இசையாக இரவு முழுக்க ஓடவிட்டார்கள். அமெரிக்காவில் இருந்து வந்து இங்கேயே தங்கிய கோவா கில் இதில் முக்கியமானவர். 2023-ல் காலமானார். அந்தக் கடற்கரை இரவுகளில் இருந்து 1990-களில் 'கோவா ட்ரான்ஸ்' உருவாகி, பிறகு சைட்ரான்ஸாக மாறியது.

கோவாவுக்கு வந்துபோனவர்கள் அதைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஜப்பான் டிஜே சுயோஷி சுசுகி, 1994-ல் லண்டனில் 'மட்சுரி புரொடக்‌ஷன்ஸ்' என்ற ட்ரான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நிக் டெய்லரோடு சேர்ந்து அவர் நடத்திய இசைக்குழுவின் பெயரைக் கவனிங்க: 'பிராணா'. நம்ம பிராணன்தான்! அவர்களுடைய 'சைக்ளோன்' ஆல்பம் 1996-ல் வந்தது. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து இருவர் 'இன்ஃபெக்டட் மஷ்ரூம்' என்ற பெயரில் 1999-ல் 'தி கேதரிங்' என்ற முதல் ஆல்பத்தைக் கொடுத்து உலகம் சுற்றினார்கள்.

சுற்று புரியுதா? ஜப்பானில் செய்த மெஷின், சிகாகோவில் புது இசையாகி, பிரிட்டன், ஐரோப்பா போய், கோவாவில் இறங்கி, அங்கிருந்து சம்ஸ்கிருதப் பெயரோடு ஒரு ஜப்பானியரின் ஆல்பமாகத் திரும்பியது. இந்தச் சுற்றில் எங்குமே இல்லாதவர், இதற்கெல்லாம் முன்பே அதே மெஷினில் ராகம் வாசித்த மும்பைக்காரர்.

டெல்லியில் கிடைத்த தட்டு

2002-ல் எடோ பௌமன் என்ற நெதர்லாந்து இசைத்தட்டு சேகரிப்பாளர் டெல்லியில் பழைய தட்டுகளைத் தேடியபோது இந்த ஆல்பம் அவர் கையில் சிக்கியது. போட்டுக் கேட்டவருக்கு அதிர்ச்சி. 1982 என்று எழுதியிருக்கிறது, கேட்டால் ஆசிட் ஹவுஸ் மாதிரியே இருக்கிறது! அவர் மும்பை வந்து சரண்ஜித் சிங்கைச் சந்தித்து, 2010-ல் தன் நிறுவனம் மூலம் மறுவெளியீடு செய்தார்.

மேற்கத்திய இசை ரசிகர்களில் சிலர் முதலில் நம்பவே இல்லை. யாரோ வெள்ளைக்கார டிஜே, புனைபெயரில் செய்த குறும்பு என்றுகூடப் பேச்சு ஓடியது. ஆனா ஆளும் உண்மை, தட்டும் உண்மை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் ஏறி இதே ராகங்களை இளைஞர் கூட்டத்துக்கு வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

இதே 1982-ல் இன்னொரு ஆல்பத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதி. கொல்கத்தா பாடகி ரூபா பிஸ்வாஸ், கனடாவின் கால்கரியில் பதிவுசெய்த 'டிஸ்கோ ஜாஸ்'. அன்று காணாமல் போய், இணையத்தில் மறுபடி பிறந்து, 2019-ல் அமெரிக்காவில் மறுவெளியீடானது.

அப்போ ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடிச்சது இந்தியரா?

வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஆகிறதுக்கு ரெடியா இருக்கிற வாக்கியம் இது. கொஞ்சம் பொறுங்க.

அந்த மெஷின்களை அந்த மாதிரி சேர்த்து முழு ஆல்பமாகப் பதிவு செய்ததில் அவர் சிகாகோவுக்கு ஐந்து வருஷம் முன்னால் இருக்கிறார். இது உண்மை. ஆனா சிகாகோ இளைஞர்கள் இந்த ஆல்பத்தைக் கேட்டு அதைச் செய்யவில்லை. கறுப்பின இளைஞர்களின் கிளப்களில், அவர்களுடைய வாழ்க்கையில் இருந்து தனியாகப் பிறந்தது ஆசிட் ஹவுஸ். அவர்களுடைய உழைப்பைப் பிடுங்கி நமக்குக் கிரீடம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சரண்ஜித் சிங்குக்கு அந்தக் கிரீடம் தேவையும் இல்லை. அவர் இசையை 'முதல்' என்ற ஒரே காரணத்துக்காகக் கேட்டால், நல்லா இருக்கு என்ற முக்கியமான காரணம் விட்டுப்போகும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்திய சினிமாவின் மிகப் பெரிய பாட்டுகளில் இருபது வருஷம் வாசித்த ஒருத்தரைக் கண்டுபிடிக்க, நெதர்லாந்தில் இருந்து ஆள் வர வேண்டியிருந்தது ஏன்?

பெயர் ஏன் முக்கியம்?

ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்குங்க. காலர் லேபிளில் பிராண்டு பெயர் இருக்கும், சைஸ் இருக்கும், நாடு இருக்கும். கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் போட்டவர், செக்கிங் செய்த அக்கா, இவங்க யார் பெயரும் இருக்காது. பீஸுக்கு இவ்வளவு என்று கணக்கு, சனிக்கிழமை சம்பளம், அதோடு சரி. ரெக்கார்டிங் ஸ்டூடியோவும் ரொம்ப நாள் அப்படித்தான் இயங்கியது. கால்ஷீட்டுக்குக் காசு. இசைத்தட்டு உறையில் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயர் மட்டும்.

தமிழிலும் இதே நிலைதான். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டை கிடார் கத்துக்கிற எல்லாரும் வாசிச்சுப் பார்ப்பாங்க. அந்த கிடாரை வாசித்த சந்திரசேகர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ராஜா சார் பாட்டுகளின் பேஸ் கிடார் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல். ரசிகர்கள் தேடித் தேடிச் சேகரித்துப் பேச ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பெயர்கள் பரவலாக வெளியே வந்தன.

பெயர் வெறும் கௌரவப் பிரச்னை இல்லை, சட்டப் பிரச்னையும்கூட. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டு, கலைஞர்களுக்கு அவர்கள் நிகழ்த்திய இசையில் இருந்து ராயல்டி பெறும் உரிமை வந்தது. நல்ல விஷயம். ஆனா அதே திருத்தத்தில் ஒரு விதிவிலக்கும் இருக்கு. சினிமாவில் ஒருவரின் பங்கு போகிறபோக்கில் வந்துபோகும் சிறு பங்காக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்குமே பெயர் போடப்படாதவராகவும் இருந்தால், அவர் சட்டத்தின் பார்வையில் 'நிகழ்த்துக் கலைஞர்' ஆக மாட்டார். தன் வேலையைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை மட்டும் மிஞ்சும். அதாவது, டைட்டிலில் ஒரு வரியில் பெயர் வருகிறதா இல்லையா என்பது நாளைக்கு அவருக்கு வர வேண்டிய காசையும் தொடும் விஷயம்.

சரண்ஜித் சிங்குக்கு 'டென் ராகாஸ்' கொடுத்தது இதைத்தான். நூற்றுக்கணக்கான பாட்டுகளில் பெயர் இல்லாமல் இருந்தவருக்கு, அட்டையில் பெரிதாகப் பெயர் போட்ட ஒரு தட்டு. விற்காவிட்டாலும் பெயர் இருந்தது. அந்தப் பெயர் இருந்ததால்தான் இருபது வருஷம் கழித்தும் ஒருத்தரால் அவரைத் தேடி வீடு வரை வர முடிந்தது.

எப்படிக் கேட்கலாம்?

* பெரிய ஸ்ட்ரீமிங் ஆப்கள், யூடியூப் என எல்லாவற்றிலும் சரண்ஜித் சிங் என்று தேடலாம். ஆல்பம் பெயரையும் சேர்த்துத் தேடுங்க, ஏன்னா அதே பெயரில் நிறைய பேர் இருக்காங்க.

* மொபைல் ஸ்பீக்கர் வேண்டாம். 303-ன் அடிநாதம் அதில் கேட்கவே கேட்காது. இயர்போன் போட்டு, சத்தத்தை அளவா வைங்க.

* மெஷின் ஓடும்போது மட்டும் இயர்போன் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவது காதில் விழணும்.

* ஒரே மூச்சில் 10 ட்ராக்கும் கேட்டால் முதல் தடவை அலுப்பு தட்டலாம். மால்கௌன்ஸ், பூபாலி, யமன் மூன்றையும் முதலில் கேளுங்க. பிறகு மேலே சொன்ன நேரக் கணக்குப்படி ஒவ்வொண்ணா.

* முதல் தடவை மெட்டைக் கேளுங்க. ரெண்டாவது தடவை மெட்டை விட்டுட்டு அடியில் ஓடும் 303-ஐ மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போங்க. அதே ட்ராக் வேற ட்ராக் மாதிரி தெரியும்.

* பிடிச்சிருந்தா, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துக்கு நகரலாம். 1986-ல் வந்தது. அங்கே மெஷினுக்குப் பதிலாக மேற்கத்திய செவ்வியல் இசையோடு ராகம் பேசும். கேட்டு முடித்த பிறகு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க.

முதலிபாளையம் நிஃப்ட்-டீ காலேஜில் நிட்வேர் டிசைன் படிக்கிறவங்களா இருந்தாலும் சரி, பவர்டேபிளில் உட்கார்றவங்களா இருந்தாலும் சரி, இன்னைக்கு உங்க போனிலேயே 303-க்கும் 808-க்கும் இலவச ஆப் கிடைக்குது. அன்னைக்கு ஒரு ஸ்டூடியோவே தேவைப்பட்ட வேலையை பஸ்ஸில் உட்கார்ந்து செஞ்சு பார்க்கலாம். செஞ்சா ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. ஃபைலை சேவ் பண்ணும்போது 'அன்டைட்டில்டு' என்று விட்டுடாம, உங்க பெயரையும், கூட வாசிச்சவங்க பெயரையும், தேதியையும் போட்டு வைங்க.